வண்டிக் கதவு வழிக்கு வரட்டும்!

திருச்செந்தூர் முருகனைத் தரிசிக்கக் குடும்பத்தோடு புறப்படுவது என்றால், அந்தக் காலத்தில் வில் வண்டி கட்டுவார்கள். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, பாட்டியம்மாளை நடுவில் உட்கார வைத்து, புளியோதரைத் தூக்கையும் கூஜாத் தண்ணீரையும் ஓர் ஓரமாக ஏற்றிக் கொண்டால், அதுவே நகரும் வீடு. தோப்பும் கிணறும் கண்ட இடத்தில் மாட்டை அவிழ்த்து, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவார்கள். அந்த வண்டிக்கு முன்னும் பின்னும் திரைச்சீலை தான். கதவே கிடையாது. ஆகையால் கதவு சிக்கிக்கொண்டு மானத்தை வாங்கும் சங்கடமும் கிடையாது!

இப்போது காலம் மாறிவிட்டது. வில் வண்டி போன இடத்தில் வான் வந்துவிட்டது. நம் நாட்டில் இந்தச் சின்ன வானைப் பிரபலமாக்கிய பெருமை மாருதி கம்பெனியாருடையது. ஜப்பானிய 'சுஸுகி கேரி' வண்டியை ஒட்டி 1984ல் 'மாருதி வான்' வெளிவந்தது. பிறகு அதற்கு 'ஆம்னி' என்று நாமகரணம் ஆயிற்று. பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்றது அதுதான். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு போனதும் அதுதான். சினிமாவில் கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போனதும் சாக்ஷாத் அதே வண்டிதான்! 2019ல் ஆம்னி தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அதன் தம்பி 'ஈகோ'வும் ஓடுகிறது.

தூத்துக்குடிப் பக்கத்தில் இத்தகைய வானுக்குள் பின் ஸீட்டைக் கழற்றிவிட்டு, ஒரு பலகை, ஒரு மெத்தை, ஒரு தண்ணீர்க் கேன், கொசுவலை, சாமான் பெட்டி என்று வைத்துக்கொண்டு மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி என்று கடலோரமாகவே யாத்திரை போகிற குடும்பங்கள் உண்டு. 'கேம்ப்பர் வான்' என்கிறார்களே, அதுதான். ஜெர்மனியில் 1950ல் பிறந்த வோக்ஸ்வாகன் வானுக்குள், 1951லேயே படுக்கையும் அலமாரியும் வைத்து இந்த வழக்கத்தைத் தொடங்கி விட்டார்கள். நம்முடைய வில் வண்டி அதற்கும் மூத்தது என்று நாம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவு சௌகரியமான வண்டியில் ஒரே ஒரு அசௌகரியம், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற அந்தத் தள்ளு கதவு. புதிதில் ஒற்றை விரலால் நகரும். மூன்றாம் வருஷம் ஒரு கை வேண்டும். ஐந்தாம் வருஷம் இரண்டு கையும் ஒரு காலும் வேண்டும். அப்புறம் 'டமால்' என்று அறைந்தால்தான் மூடுகிறது. தெருவில் தூங்குகிற நாய்கூட எழுந்துவிடுகிறது.

"ஓட்டுகிறவர் பார்த்துக்கொள்ளட்டும், நமக்கென்ன?" என்று நினைக்கிறீர்களா, சகோதரிகளே? ஓட்டுகிறவர் முன் கதவால் ஏறி முன் கதவால் இறங்குகிறவர். தள்ளு கதவோடு தினந்தோறும் மல்லுக்கு நிற்பது நீங்கள் தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மாமியாரை ஏற்றிவிட்டுக் கதவை மூடுகிறவருக்குத்தான் அதன் குணம் முதலில் தெரியும். ஆகவே இந்த விஷயத்தை உங்களிடமே சொல்வது என்று தீர்மானித்தோம்.

ஊஞ்சல் போல ஒரு கதவு

சாதாரணக் கதவு கீலில் தொங்குகிறது. தள்ளு கதவுக்குக் கீல் இல்லை. மூன்று தண்டவாளங்கள் இருக்கின்றன. பட்டறைக்காரர்கள் 'ரெயில்' என்பார்கள். ஒன்று, வாசலுக்கு மேலே கூரையை ஒட்டி இருக்கிறது. இன்னொன்று, கீழே படிக்கட்டின் ஓரமாக மறைந்து கிடக்கிறது. மூன்றாவது, வண்டியின் வெளிப்புறத்திலேயே, கதவுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு பள்ளம் தெரிகிறதே, அதுதான்.

இந்த மூன்றிலும் கதவோடு சேர்ந்த மூன்று கைகள் ஓடுகின்றன; ஒவ்வொரு கையின் நுனியிலும் சிறு உருளைகள். இவைதான் 'ரோலர்'. கதவின் முன் ஓரத்தில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. பின் ஓரத்தின் நடுவில் மூன்றாவது கை. பெரும்பாலான வான்களில் கதவின் பாரத்தைத் தாங்குவது கீழ்க் கையும் நடுக் கையும்தான். மேல் கை, சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதோடு சரி.

ரெயில் முழுவதும் நேராக இருந்தால் கதவு வண்டிக்கு வெளியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்; வாசலில் போய்ப் பொருந்தாது. அதனால் ரெயிலின் முன் நுனியை உள்பக்கமாக வளைத்திருக்கிறார்கள். கடைசிச் சாண் தூரத்தில் கதவு உள்ளே திரும்பி, வாசலைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை அழுத்திக்கொண்டு, பின் தூணில் உள்ள கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. கதவு படுத்தும் பாடெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சாணில்தான்!

உங்கள் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் இருந்தால் இது சுலபமாக விளங்கும். நான்கு சங்கிலியில் ஒன்று ஒரு வளையம் நீண்டுவிட்டால் என்ன ஆகிறது? பலகை கோணுகிறது, ஆடும்போது 'கிரீச்' என்கிறது, பலகையில் வைத்த வெற்றிலைத் தட்டு சரிகிறது. பலகையைச் சீவுவதில் பிரயோஜனமில்லை. சங்கிலியைத் தான் சரிசெய்ய வேண்டும். தள்ளு கதவும் அப்படியே. மூன்று பிடிகளில் ஒன்று கடுகளவு இறங்கினாலும் கதவு கோணிக்கொள்ளும். கோணின கதவை அறைந்து மூடினால் மற்ற இரண்டு பிடிகளும் சேர்ந்து கெடும்.

உப்புக் காற்றின் கைவரிசை

மதுரையிலும் சேலத்திலும் ஓடுகிற வானுக்கு இல்லாத ஒரு சத்துரு தூத்துக்குடி வானுக்கு உண்டு. ஒரு பக்கம் துறைமுகமும் கடலும்; ஊரைச் சுற்றி உப்பளங்கள்; சாலையில் உப்பு லாரிகள். கடற்காற்று வண்டியின் மூலை முடுக்கெல்லாம் உப்பைக் கொண்டு வந்து தூவிவிட்டுப் போகிறது.

அந்த உப்பு என்ன செய்யும் என்பதைச் சமையலறையிலேயே பார்த்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உப்பு ஜாடி கசிந்து, அடியில் தண்ணீர் கோத்துக்கொள்கிறதல்லவா? காற்றில் ஈரம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால், சுத்தமான உப்பே அந்த ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீஸிய உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமாகக் கசியும். ரெயிலின் பள்ளத்தில் படிந்த உப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. மழை பெய்யாத நாளிலும் இரும்பை ஈரமாகவே வைத்திருக்கிறது. துருப் பிடிக்க வேறென்ன வேண்டும்?

துரு பிடித்த இரும்பு பருத்துக்கொள்ளும். வழவழப்பான ரெயில் சொரசொரப்பாகிறது. அதில் ஓடுகிற ரோலர் தேய்கிறது. ரோலர் தேய்ந்தால் கதவு தொங்குகிறது. இதோடு கடற்கரை மணலும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். அம்மியில் வைத்து அரைப்பது போல் அரைத்துவிடும்.

கேம்ப்பர் வானுக்கு இன்னொரு தனி வியாதியும் உண்டு. கதவின் உட்புறம் காலியாக இருக்கிறதே என்று அதில் ஒரு பை, ஒரு கண்ணாடி, மசாலா டப்பா வைக்க ஒரு தட்டு, தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாகத் தொங்கவிடுகிறோம். அத்தனை பாரத்தையும் இரண்டு சின்ன ரோலர்கள் அல்லவா சுமக்கின்றன! கதவில் சாமான் மாட்டாதீர்கள். எதிர்ச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கதவின் அடி ஓரத்தில் சிறு துவாரங்கள் இருப்பதையும் கவனியுங்கள். கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்தவை அவை. மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். கதவை நகர்த்தும்போது இளநீரைக் குலுக்கினாற்போல் 'களக் களக்' என்று சத்தம் வருகிறதா? அப்படியானால் ஒரு துடைப்பக் குச்சியை எடுத்து அந்தத் துவாரங்களைக் குத்திவிடுங்கள். பாரமும் குறையும், உள்ளிருந்து துருப் பிடிப்பதும் நிற்கும்.

கதவு சொல்லும் குறிப்புகள்

வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி, கதவுக்கும் நாடி பார்க்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கதவை மூடிவிட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கதவுத் தகட்டில் நீளவாட்டில் ஒரு மடிப்புக் கோடு ஓடும். அது பக்கத்துத் தகட்டிலும் தொடரும். இரண்டும் ஒரே கோடாக இருக்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பழைய தபால் கார்டை மடித்து நாலு பக்கமும் செருகிப் பார்த்தால் எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்று தெரிந்துவிடும்.

கதவின் பின் ஓரம் தாழ்ந்திருந்தால், நடுக் கையில் கோளாறு. கதவைப் பாதி திறந்து வைத்து, பின் ஓரத்தைக் கையால் மெள்ளத் தூக்கிப் பாருங்கள். 'லொடக்' என்று ஆடினால் ரோலர் தேய்ந்திருக்கிறது.

முன் ஓரம் தாழ்ந்திருந்தால், கீழ்க் கையைப் பார்க்க வேண்டும்.

கோடுகள் சரியாகவே இருக்கின்றன. ஆனால் வண்டி வேகமாகப் போகும்போது மேல் மூலையில் விசில் சத்தம் வருகிறது, மழையில் சொட்டுகிறது என்றால், மேல் கை வெளிப்பக்கம் தள்ளி நிற்கிறது.

மூடும் கடைசி நிமிஷத்தில் கதவு சற்றே தூக்கிப் போட்டாலும், 'தொம்' என்று இறங்கினாலும், கதவின் உயரமும் கொக்கியின் உயரமும் ஒத்துப் போகவில்லை.

எல்லாம் பொருந்தியும் அறைந்தால்தான் மூடுகிறதா? கொக்கி மிகவும் உள்ளே தள்ளி இருக்கலாம். அல்லது லாக்குக்குள் அழுக்கு சேர்ந்திருக்கலாம். சுலபமாக மூடி, ஓடும்போது கடகடவென்று ஆடுகிறதா? கொக்கி வெளியே தள்ளி இருக்கிறது.

முதலில் துணி, பிறகு ஸ்பேனர்

கதவு சிக்குகிறது என்றதும் ஸ்பேனரைத் தேடாதீர்கள். பாதி வியாதி குளிப்பாட்டினாலே போய்விடும்.

பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று, பழைய வேஷ்டித் துணி, ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். 'நல்ல தண்ணீர்' என்று அழுத்திச் சொல்கிறோம். கடலோரத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். அதைக் கொண்டு உப்பைக் கழுவினால் யானை குளித்த கதைதான். குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரில் ஒரு வாளி எடுத்து வையுங்கள்.

மூன்று ரெயில்களையும் கோடி முதல் கோடி வரை பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். கீழ் ரெயிலில்தான் மணலும், நிலக்கடலைத் தோலும், குழந்தைகள் தொலைத்த பென்ஸிலும் கிடைக்கும். பிறகு ரோலர் ஒவ்வொன்றையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். சுழல வேண்டும். சுழலாமல் உரசிக்கொண்டு போனால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். தட்டையானதை, விரிசல் விட்டதை, எந்தச் சரிக்கட்டலும் காப்பாற்றாது; புதிது போட வேண்டியதுதான்.

காய்ந்த பின் எண்ணெய் விஷயம். சமையலறைத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். கெட்டி கிரீஸை வழிய வழிய அப்புவதும் வேண்டாம். அது மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, ரோலரைத் தேய்க்கும் சாந்தாகிவிடும். ரெயிலில் சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்துத் துடைத்து விடுங்கள். அதையே துணியில் தொட்டு ரப்பர் பீடிங்கிலும் தடவலாம். கிரீஸை மட்டும் ரப்பரில் படவிடாதீர்கள். ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். லாக்குக்குள் மட்டும் சிறிது வெள்ளை கிரீஸ் போதும்.

இத்தனைக்குப் பிறகும் கதவு முரண்டு பிடித்தால், அப்போது ஸ்பேனரை எடுக்கலாம்.

கயிறு பிடிக்க ஓர் ஆள்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1955 தொடங்கி 1961 வரை நடந்த முத்துக் குளிப்புத்தான் இந்தக் கரையில் பெரிய அளவில் நடந்த கடைசிக் குளிப்பு. கல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்கினால், படகில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலே ஆள் இல்லாமல் கீழே இறங்குகிற வழக்கமே கிடையாது.

தள்ளு கதவு வேலைக்கும் இந்த விதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போல்ட்டைத் தளர்த்த, இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதவு பார்வைக்கு எப்படி இருந்தாலும், பாதத்தில் விழுந்தால் எலும்பு முறிகிற பாரம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கதவின் அடியில் துணி சுற்றிய மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். எல்லாவற்றிலும் முக்கியம், ஒரு சமயத்தில் ஒரு கையை மட்டுமே தளர்த்துங்கள். கீழ்க் கையையும் நடுக் கையையும் ஒன்றாகத் தளர்த்தினால் கதவு கையோடு வந்துவிடும்.

கடுகளவு போதும்

கைகளை வண்டியோடும் கதவோடும் பிணைக்கிற போல்ட் துவாரங்கள் பல வான்களில் சற்று நீளமாக இருக்கும். அந்த நீளத்துக்குள் கையை மேலே, கீழே, உள்ளே, வெளியே நகர்த்திக்கொள்ளலாம். சில வண்டிகளில் இடையில் மெல்லிய தகடு வைத்து உயரத்தைச் சரிசெய்வார்கள். உங்கள் வண்டியில் எது என்பதை வண்டியோடு வந்த புத்தகமோ பட்டறைக்காரரோ சொல்வார்.

தொடங்குமுன், ஒவ்வொரு கையும் கொக்கியும் இப்போது இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்ஸிலால் கோடு போட்டுவிடுங்கள். காரியம் கோணினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம் அல்லவா? கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல் இந்தக் கோடு.

முதல் காரியம், பின் தூணில் உள்ள கொக்கியைக் கழற்றிவிடுவது. கொக்கி இருந்தால் கதவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உண்மையான கோணலை மறைத்துவிடும். கழற்றிய பிறகு கதவை மெள்ளக் கொண்டு வந்து வாசலில் வைத்துப் பாருங்கள். கதவின் நிஜ சொரூபம் தெரியும்.

பின் ஓரம் தாழ்ந்திருந்தால் நடுக் கையின் போல்ட்டைத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். தட்டினால் நகருகிற அளவு போதும். உதவிக்கு நிற்பவர் கதவைக் கடுகளவு தூக்கிப் பிடிக்க, நீங்கள் இறுக்குங்கள். மூடிப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொரு கடுகளவு. கோவில் தேரைத் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களே! அத்தனை பெரிய தேர், சக்கரத்தின் கீழே கொடுக்கிற ஒரு முட்டுக்கட்டைக்குத் திரும்புகிறது. அந்தக் கணக்குத்தான் இங்கேயும்.

அடுத்து முன் ஓரத்தின் உயரம். அதைக் கீழ்க் கையில் சரிசெய்ய வேண்டும். உயரம் இரண்டும் சரியான பிறகுதான் உள்-வெளிக் கணக்கு. கதவின் முன் மேல் மூலை வெளியே துருத்தினால் மேல் கையை உள்ளே நகர்த்துங்கள். முன் கீழ் மூலை துருத்தினால் கீழ்க் கையை. வரிசையை மாற்றாதீர்கள். உயரம் பார்க்காமல் உள்-வெளி பார்த்தால், உயரத்தைத் தொடும்போது முன்பு செய்த வேலை வீணாகும்.

கடைசியில் கொக்கி. அதைப் பழைய கோட்டுக்குள் வைத்து, கையால் தள்ளினால் அசைகிற அளவுக்கு முடுக்கி, கதவை மெதுவாக மூடுங்கள். லாக் தானாகவே கொக்கியைத் தன் நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். ஜாக்கிரதையாகத் திறந்து, கொக்கி நின்ற இடத்திலேயே நன்றாக இறுக்குங்கள்.

காகிதப் பரீட்சை

பழைய தினசரிக் காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பீடிங்குக்கும் கதவுக்கும் நடுவில் வைத்து மூடுங்கள். இழுத்தால் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் சரியாக ஒட்டவில்லை. கதவைச் சுற்றிப் பத்து இடத்தில் இப்படிப் பாருங்கள். இரவில் ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து ஓரமெல்லாம் வெளிச்சம் காட்ட, மற்றவர் வெளியே நின்று கீற்று தெரிகிறதா என்று பார்ப்பதும் நல்ல வேடிக்கை. கடைசியாக, கூரையிலிருந்து ஒரு வாளி தண்ணீர்!

மூடும் சத்தத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். லாக்கில் இரண்டு நிலை உண்டு. முதல் 'டக்' பாதி மூடல்தான். இரண்டாவது 'டக்' கேட்ட பிறகுதான் கதவு மூடியது என்று அர்த்தம். முதல் சத்தத்தோடு புறப்பட்டுவிடுகிற வண்டியில், கதவில் சாய்ந்துகொண்டு தூங்குகிற குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

கயிறு கட்டாதீர்கள்!

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கதவு மூடவில்லை என்றால் கைப்பிடியை ஒரு கயிற்றால் ஸீட்டோடு கட்டிவிட்டு, "திருச்செந்தூர் இதோ 40 கிலோமீட்டர்தானே!" என்று புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு சிலர், ஒரு பக்கக் கதவு திறக்கவில்லை என்றால், "மறு பக்கம் இருக்கிறதே!" என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மறு பக்கம் என்பது நடுச்சாலைப் பக்கம், நேயர்களே! லாரி வருகிற பக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செண்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. சாலை எது, குளம் எது என்று தெரியவில்லை. அத்தகைய வேளையில் வண்டிக்குள் தண்ணீர் ஏறினால், உள்ளே இருப்பவர் கைப்பிடியை இழுத்த மாத்திரத்தில் கதவு திறக்க வேண்டும். கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது? வெள்ளத்தில் நின்ற வண்டியின் ரெயில்களில் வண்டல் படிந்து இறுகிவிடும் என்பதால், அதைக் கழுவாமல் ஓட்டவே கூடாது.

வண்டிக்குள் அடுப்பு வைத்துச் சமைப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். தள்ளு கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். கதவு திறக்காத வண்டியில் அடுப்பே ஏற்றாதீர்கள். நிரந்தரமாக அலமாரி, படுக்கை எல்லாம் பொருத்தி வண்டியின் அமைப்பையே மாற்றுவதானால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

குழந்தைகளின் விரல்களுக்கு இரண்டு ஆபத்தான இடங்கள் உண்டு. மூடும்போது முன் தூண். திறக்கும்போது கதவின் பின் ஓரம். திறக்கும்போது நசுங்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மேலும், முழுவதும் திறந்த கதவை அப்படியே பிடித்து வைக்க ஒரு தடுப்பு இருக்கும். அது தேய்ந்துவிட்டால், இறக்கமான பாதையில் வண்டி நிற்கும்போது கதவு தானாகவே உருண்டு வந்து மூடும். மாதம் ஒருமுறை சரிவில் நிறுத்திப் பரீட்சித்துப் பாருங்கள்.

பட்டறையில் பேசும் விதம்

ரெயிலே வளைந்திருந்தால், நடு ரெயில் துருவில் ஓட்டை விழுந்திருந்தால், மோதி வாசல் தூண் நகர்ந்திருந்தால், அது நம் கைக்கு அடங்காத வேலை. டிங்கர் வேலை தெரிந்தவரிடம் போய்விடுங்கள். ஆனால் போய் நின்று, "அண்ணாச்சி, கதவு சரியில்லை, பாருங்க" என்று மாத்திரம் சொல்லாதீர்கள். "அண்ணாச்சி, பின் ஓரம் தொங்குது. நடு ரோலர் ஆடுது. ரெயிலைக் கழுவிப் பார்த்தாச்சு. கொக்கியைக் கழட்டிட்டு, முதல்ல உயரம் பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். "யக்கா, நீங்களே பாதி வேலையை முடிச்சுட்டீகளே!" என்று அவர் சிரிப்பார். சில்லறை வேலைக்குக் கதவையே மாற்றச் சொல்கிற பேச்சும் அங்கே எழாது. ரோலர் மாற்றினால் பழைய ரோலரைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். எவ்வளவு தேய்ந்தபின் மாற்ற வேண்டும் என்பது அடுத்த முறை உங்களுக்கே தெரியும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெயில்களைக் கழுவ கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு முறை, பனிமய மாதா திருவிழாவுக்கோ திருச்செந்தூர் சஷ்டிக்கோ ஊரிலிருந்து உறவினர்கள் வந்து இறங்குமுன் ஒரு முறை, காகிதப் பரீட்சையும் செய்துவிடுங்கள். வாங்க வேண்டியது ஒரு டப்பா சிலிக்கான் ஸ்பிரே மட்டும்தான். பல் பிரஷ்ஷும் வேஷ்டித் துணியும் வீட்டிலேயே இருக்கின்றன.